அரிசி டின்னுக்குள் ஒரு செபமாலை

போன மாதம் ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் நின்றிருந்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து, பூசை முடிவதற்குள் எழுந்து போய்விடும் ஓர் இளம்பெண்ணைச் சில மாதங்களாகவே பார்த்து வந்தேன். அன்று அவளே என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, நீங்க பேப்பர்ல எழுதுறவங்கதானே? உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும்."

வயது 27. பெட்டாலிங் ஜெயாவில் கணினி நிறுவனம் ஒன்றில் வேலை. வீட்டில் யாரும் கிறிஸ்தவர்கள் இல்லை. இவள் மட்டும் இரண்டு வருடங்களாக வருகிறாள். பையில் இருந்த பைபிளைப் பார்த்துவிட்டு அவளுடைய அம்மா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லையாம். அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். அதிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜிம்முக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இங்கே வருகிறாள்.

"போன வாரம் அப்பாவே நேரா கேட்டாரு, 'நீ இன்னும் அங்க போறியா?'ன்னு. இல்லப்பான்னு சொல்லிட்டேன். பேதுரு மூணு தடவை இல்லன்னு சொன்னாரு. நான் எத்தனை தடவைன்னு எண்ணுறதையே விட்டுட்டேன். நான் வேஷக்காரியா அக்கா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "வா, காப்பி குடிக்கலாம்" என்று மட்டும் சொன்னேன். இதே கேள்விக்கு ஒரு காலத்தில் நான் மிகத் தெளிவாக, மிகத் தவறாக ஒரு பதில் சொல்லியிருக்கிறேன். சொன்னது என் அம்மாவிடம்.

அம்மாவின் செபமாலை

என் அம்மா புக்கிட் மெர்தாஜாம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். ஜூலை மாதத்தில் புனித அன்னம்மாள் திருவிழாக் கூட்டத்தில் நடந்து வளர்ந்தவர். காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு வந்து சேர்ந்தது பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டுக்கு. அப்பாவின் அம்மா, அதாவது எங்கள் பாட்டி, ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "இந்த வீட்டுக்கு வந்தா இந்த வீட்டுச் சாமிதான்." அம்மா தலையாட்டினார்.

அதன்படியே நடந்தார். வெள்ளிக்கிழமை வீடு கழுவினார், விளக்கேற்றினார், தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு மாவிளக்கு பிடித்தார். ஆனால் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த செபமாலை மட்டும் அரிசி வைத்திருந்த பெரிய பிஸ்கட் டின்னின் அடியில் கிடந்தது. அதை எடுத்துச் செபிக்க நேரமும் இல்லை, இடமும் இல்லை. விடியற்காலை பெரட்டுக்குப் போய், தலைவிளக்கோடு நிரையில் இறங்கினால் நானூறு, ஐந்நூறு மரங்கள். ஒரு மரம் சீவி மங்கை வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போவதற்குள் ஒரு மங்கள வார்த்தை. பத்து மரத்துக்கு ஒரு பரலோக மந்திரம். மரங்கள்தான் அவருக்கு மணிகள்.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். பாட்டி இறந்து சில காலம் கழித்து அம்மா எங்களைப் பட்டணத்துக் கோவிலுக்கு அழைத்துப்போனார். அப்பா உள்ளே வர மாட்டார். பூசை முடியும்வரை வெளியே மோட்டாரில் சாய்ந்து சிகரெட் பிடித்தபடி காத்திருப்பார். எனக்கு 14 வயதில் திருமுழுக்கு ஆனது. 19 வயதில் இளையோர் இயக்கத்தில் சேர்ந்து, வேதசாட்சிகளின் வரலாறுகளை எல்லாம் படித்துவிட்டு, ஒரு நாள் அடுப்படியில் நின்ற அம்மாவிடம் சொன்னேன்: "நீங்க பயந்துட்டீங்கம்மா. ஒளிச்சு வெச்சா அது விசுவாசம் இல்ல."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கொதித்த சாம்பாரைக் கிளறினார். அந்தச் சாம்பார் கரண்டியின் சத்தம் முப்பது வருடங்களுக்கு மேலாக என் காதில் இருக்கிறது.

நம் கடற்கரையிலிருந்து மலாக்கா, மலாக்காவிலிருந்து ஜப்பான்

சொன்னது தவறு என்று எனக்குப் புரிந்தது இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஜப்பானில் உள்ள நாகசாகியில். ஃபுகுவோகாவுக்கு ஒரு வேலையாகப் போனவள், கையில் ஒரு நாள் மிச்சம் இருந்ததால் ரயில் ஏறினேன். அணுகுண்டு விழுந்த ஊர் என்பதற்கு மேல் அந்த ஊரைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது.

அந்த ஊரின் கதை ஒரு விதத்தில் நம்மிடமிருந்தே தொடங்குகிறது. புனித பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் தமிழகத்தின் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தார். தமிழ் தெரியாது. ஊர்க்காரர்களை உட்கார வைத்துச் செபங்களைத் தமிழில் மொழிபெயர்க்கச் செய்து, அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியை ஆட்டியபடி தெருவில் நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். கற்றுக்கொண்ட பிள்ளைகள் வீட்டில் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதுதான் அவர் கண்ட வழி. அங்கிருந்து பின்னர் மலாக்காவுக்கு வந்தார். 1547 டிசம்பரில் மலாக்காவில் அஞ்சிரோ என்ற ஜப்பானியர் அவரைத் தேடிவந்து சந்தித்தார். அந்தச் சந்திப்பின் விளைவாக 1549 ஆகஸ்ட் 15-ஆம் தேதி சவேரியார் ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார். மலாக்காவின் செயின்ட் பால் குன்றில் வலக்கை இல்லாமல் நிற்கும் சிலைக்கு முன்னால் நம்மில் பலர் படம் எடுத்திருப்போம். அந்தச் சிலை அவருடையதுதான். அவர் இறந்த பிறகு, 1553-இல் சில மாதங்கள் அவருடைய உடல் அந்தக் குன்றுக் கோவிலில்தான் வைக்கப்பட்டிருந்தது.

அவர் ஜப்பானில் விதைத்தது வேகமாக வளர்ந்தது. அதே வேகத்தில் ஆட்சியாளர்களுக்குச் சந்தேகமும் வளர்ந்தது. போதகர்களுக்குப் பின்னால் போர்ச்சுக்கல், ஸ்பெயின் நாட்டுப் படைகள் வந்துவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு. ஐரோப்பியர்கள் நம் மலாக்காவில் செய்ததைப் பார்த்தால் அந்தப் பயத்தை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அதற்கு விலை கொடுத்தவர்கள் சாதாரணக் குடியானவர்கள். 1597 பிப்ரவரி 5 அன்று நாகசாகியின் நிஷிசாகா குன்றில் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டார்கள். அவர்களில் சிறுவர்களும் உண்டு. 1614-இல் நாடு முழுவதும் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டது. போதகர்கள் நாடு கடத்தப்பட்டார்கள், ஒளிந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பிடிபட்டார்கள். 1644-இல் கடைசிக் குருவும் கொல்லப்பட்டார்.

அதன் பிறகு ஜப்பானியக் கிறிஸ்தவர்களுக்குக் கோவில் இல்லை, குரு இல்லை, பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. இந்த நிலை 220 வருடங்களுக்கு நீடித்தது.

மிதித்தவர்கள்

அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் ஒரு தகடு இருந்தது. பழையதைப் பார்த்துச் செய்த பிரதிதான். கைக்குட்டையை மடித்தால் வரும் அளவு. நடுவில் சிலுவையில் தொங்கும் இயேசு. மூலத் தகடுகள் பலவற்றில் முகம் தேய்ந்து வழவழப்பாகிவிட்டதாம். தேய்த்தது உளி அல்ல, கால்கள்.

இதற்குப் பெயர் ஃபுமியே. 'மிதிக்கும் படம்' என்று பொருள். 1620களில் தொடங்கி 1850கள்வரை நாகசாகியில் இது வழக்கத்தில் இருந்தது. வருடம் தோறும் புத்தாண்டு சமயத்தில் அதிகாரிகள் முன்னால் ஊர் மக்கள் வரிசையாக வந்து இந்தப் படத்தை மிதிக்க வேண்டும். கிழவர்கள், பெண்கள், பிள்ளைகள் யாருக்கும் விலக்கு இல்லை. மிதிக்கத் தயங்கினால் கைது. அதற்கு மேல் ஒவ்வொரு குடும்பமும் ஒரு பௌத்தக் கோவிலில் பெயர் பதிந்திருக்க வேண்டும். சாவுச் சடங்கும் அங்கிருந்து வரும் பிக்கு வைத்துத்தான். வீடுகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒரு வீட்டில் தவறு நடந்தால் எல்லா வீடும் பொறுப்பு என்றார்கள். காட்டிக்கொடுப்பவர்களுக்கு வெள்ளிக்காசு பரிசு உண்டு என்று ஊர்நடுவே பலகையும் வைத்தார்கள்.

மிதிக்காமல் நின்றவர்கள் இருந்தார்கள். அவர்கள் வேதசாட்சிகள், அவர்களை நினைத்து இன்றும் விழா எடுக்கிறோம். ஆனால் பெரும்பாலோர் மிதித்தார்கள். இடுப்பில் பிள்ளையோடு வந்து மிதித்துவிட்டுப் போனார்கள்.

மிதித்தவர்கள் வீட்டுக்குப் போய் என்ன செய்தார்கள்? அன்று இரவே கதவைச் சாத்திவிட்டு மனம் வருந்திச் செபித்தார்கள். 'கொஞ்சிரிசான்' என்பது அவர்கள் வைத்திருந்த சொல். போர்ச்சுக்கீசியச் சொல் ஜப்பானிய நாக்கில் உருமாறியது அது. நம் பழைய செபப் புத்தகங்களில் 'உத்தம மனஸ்தாபம்' என்று இருக்கும் அதே செபம்தான். குரு இல்லாத இடத்தில் ஒருவன் உண்மையாக மனம் வருந்தினால் கடவுள் அவனைக் கைவிட மாட்டார் என்று விளக்கும் சிறு நூல் ஒன்று 1603-இல் நாகசாகியில் அச்சானது. தடைக்குப் பிறகு அதைக் கையால் நகல் எடுத்துத் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்தார்கள்.

ஒவ்வொரு வருடமும் மிதித்தார்கள். ஒவ்வொரு வருடமும் அழுதார்கள். அந்த அழுகையோடு பிள்ளைகளுக்குச் செபத்தையும் சொல்லிக்கொடுத்தார்கள்.

குரு இல்லாத ஊரில் வேலைகளைப் பிரித்துக்கொண்டார்கள். நாட்காட்டியைக் காப்பாற்றுபவர் ஒருவர். எப்போது தவக்காலம், எப்போது பிறப்புப் பெருவிழா என்று சொல்வது அவர் பொறுப்பு. பிறந்த குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றித் திருமுழுக்கு தருபவர் இன்னொருவர். அதை வீடுவீடாகப் போய் மெதுவாகச் சொல்பவர் மற்றொருவர். குழந்தையைத் தாங்கிய வெள்ளைப் பீங்கான் கன்னோன் சிலையை மாதாவாக எண்ணிக் கும்பிட்டார்கள். வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது பௌத்தச் சிலை. 'ஒராஷோ' என்று அவர்கள் அழைத்த செபங்களில் லத்தீனும் போர்ச்சுக்கீசும் கலந்திருந்தன. காலப்போக்கில் பல சொற்களின் பொருளே அவர்களுக்குத் தெரியாமல் போயிற்று. ஆனாலும் முணுமுணுப்பாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

'ஏழு தலைமுறை பொறுங்கள். அதன் பிறகு பெரிய கருப்புக் கப்பலில் குருக்கள் வருவார்கள்' என்று பாஸ்தியான் என்ற உபதேசியார் சொல்லிவிட்டுப் போனதாக ஒரு நம்பிக்கை அவர்களிடையே இருந்தது. ஏழு தலைமுறை என்றால் கொள்ளுப்பேரனுக்குப் பேரன் காலமும் தாண்டிவிடும். தன் கண்ணால் பார்க்கவே முடியாத ஒன்றுக்காக ஒரு தாய் பிள்ளைக்குச் செபம் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

1865, ஒரு வெள்ளிக்கிழமை

ஜப்பான் தன் துறைமுகங்களை வெளிநாட்டவருக்குத் திறந்த பிறகு, பிரெஞ்சுக் குருக்கள் நாகசாகியில் ஓவுரா என்ற மேட்டில் ஒரு கோவில் கட்டினார்கள். அங்கே வசித்த வெளிநாட்டவருக்காக மட்டும்தான் அதற்கு அனுமதி. ஜப்பானியருக்குத் தடை அப்போதும் தடைதான். ஊர்க்காரர்கள் அதைப் 'பிரெஞ்சுக் கோவில்' என்று சொல்லி வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

1865 மார்ச் 17, வெள்ளிக்கிழமை. பக்கத்து ஊரான உரகாமியிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வாசலில் நின்றார்கள். பெர்னார் பெத்திஜான் என்ற குரு கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய் முழந்தாளிட்டார். கூட்டத்திலிருந்து ஒரு பெண்மணி அவர் அருகே வந்து, நெஞ்சில் கை வைத்து, எங்கள் உள்ளமும் உங்கள் உள்ளமும் ஒன்றுதான் என்று மெல்லச் சொன்னார். மாதா சிலை எங்கே என்று கேட்டார். சிலையைப் பார்த்ததும் எல்லாருக்கும் பேச்சு எழவில்லை. தவக்காலத்தை நீங்களும் அனுசரிக்கிறீர்களா என்று அவர்கள் குருவிடம் விசாரித்தார்கள். பார்த்தால், அது தவக்காலமேதான். குருவே இல்லாத 220 வருடங்களில் அவர்கள் நாள் கணக்கைத் தவற விடவில்லை!

அந்தச் சிலை இன்றும் அந்தக் கோவிலில் இருக்கிறது. அதன் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. வேதசாட்சிகளில் பலர் குடும்பத்தோடு மாண்டுபோனார்கள். அப்படியானால் அன்று வாசலில் வந்து நின்றவர்கள் யார்? மிதித்தவர்களின் வாரிசுகள். அந்த வருடம் வரை விசுவாசத்தைச் சுமந்து வந்தவர்கள், நான் 19 வயதில் 'கோழை' என்று தள்ளியிருக்கக்கூடிய மனிதர்கள்.

இந்த வரலாற்றைப் பற்றி ஷுசாகு எண்டோ 1966-இல் 'மௌனம்' என்ற நாவல் எழுதினார். மார்ட்டின் ஸ்கோர்செசி 2016-இல் அதைப் படமாக்கினார். நம் இளையவர்களில் சிலர் பார்த்திருக்கலாம். அதில் குருக்களின் போராட்டம்தான் நடுவில் நிற்கும். எனக்கோ அன்று கிராமத்துப் பெண்களின் அடுப்படிகள்தான் கண்முன் வந்தன. மிதித்துவிட்டு வந்து அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, பிறகு மெதுவாக ஒராஷோ சொல்லிக்கொடுத்த பெண்கள். என் அம்மாவின் முகம் இல்லாமல் அவர்களை என்னால் நினைக்க முடியவில்லை.

மறைத்தவர்களே நின்றார்கள்

ஒளித்து வைப்பதே போதும் என்று சொல்ல நான் வரவில்லை. கதை 1865-இல் முடியவும் இல்லை.

1867-இல் உரகாமி மக்கள், இனி எங்கள் வீட்டுச் சாவுக்குப் பௌத்தச் சடங்கு வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். கைது தொடங்கியது. சித்திரவதை தாங்காமல் பலர் 'விட்டுவிடுகிறோம்' என்று சொல்லி வெளியே வந்தார்கள். வீடு திரும்பியும் நிம்மதி இல்லை. பிறகு அவர்களே அதிகாரிகளிடம் போய், நாங்கள் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அடுத்த சில வருடங்களில் ஏறக்குறைய 3,400 பேர், அதாவது ஊரே, நாட்டின் பல மூலைகளுக்கு நாடு கடத்தப்பட்டது. சுவானோ என்ற இடத்தில் பனி உறைந்த குளத்தில் இறக்கினார்கள்; நிமிர்ந்து நிற்க முடியாத கூண்டில் அடைத்தார்கள். மொத்தத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். உயிரோடு திரும்பியவர்கள் அந்த வருடங்களுக்கு வைத்த பெயர் 'பயணம்'. அவ்வளவுதான். வேறு எந்தப் பெரிய வார்த்தையும் அவர்கள் தேடவில்லை.

மேற்கத்திய நாடுகளின் கண்டனமும் சேர்ந்துகொள்ள, 1873-இல் தடைப் பலகைகள் அகற்றப்பட்டன. திரும்பி வந்தவர்களிடம் வீடும் இல்லை, நிலமும் பாழ். ஆனாலும் பின்னாளில் காசு சேர்த்து ஊர்த்தலைவரின் பழைய வீட்டு நிலத்தை வாங்கினார்கள். அந்த வீட்டில்தான் வருடம் தோறும் அவர்களுடைய பாட்டன் பாட்டிகள் படத்தை மிதித்தார்கள். அந்த இடத்திலேயே கோவில் கட்டினார்கள். 1895-இல் தொடங்கிய வேலை 1914-இல்தான் முடிந்தது.

1945 ஆகஸ்ட் 9, காலை 11.02 மணிக்கு, அந்தக் கோவிலிலிருந்து சுமார் 500 மீட்டர் தூரத்தில் அணுகுண்டு வெடித்தது. உரகாமியின் 12,000 கத்தோலிக்கர்களில் ஏறத்தாழ 8,500 பேர் மாண்டார்கள். எஞ்சியவர்கள் மறுபடியும் கட்டினார்கள். 1959-இல் எழுந்த கோவிலின் மணி நான் போன அன்றும் அடித்தது.

இன்னொரு செய்தியையும் அங்கே கேட்டேன். நாகசாகிக்கு வடமேற்கே சொதோமெ பகுதியில் தென்புகுஜி என்று ஒரு பௌத்தக் கோவில். தன்னிடம் பெயர் பதிந்திருந்த பல குடும்பங்கள் உள்ளுக்குள் கிறிஸ்தவர்கள் என்பது அந்தக் கோவிலுக்குத் தெரியுமாம். தெரிந்தும் காட்டிக்கொடுக்கவில்லை. தெரிந்தால் தனக்கும் ஆபத்து என்ற நிலையில், தெரியாததுபோல் இருந்துவிட்டது. அந்தக் குடும்பங்களின் வாரிசுகள் அதை நன்றியோடு சொல்கிறார்கள்.

2018-இல் யுனெஸ்கோ அந்தப் பகுதியின் 12 இடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பெரிய கோபுரங்களுக்காக அல்ல. பெரும்பாலும் சாதாரண மீனவக் கிராமங்கள், மலையோர வயல்கள். வெளியே தெரியாமல் வாழ்ந்த வாழ்க்கைக்குக் கிடைத்த மரியாதை அது.

யார் அளந்த அரிசி?

ஊர் திரும்பியதும் அம்மாவைப் பார்க்கப் போனேன். அவருக்கு இப்போது 77 வயது. கண் பார்வை மங்கிவிட்டது. செபமாலை கையிலேயே இருக்கும். எடுத்த படங்களைக் காட்டி, மிதிக்கும் தகட்டின் கதையைச் சொன்னேன். அம்மா நிறுத்தி நிறுத்திக் கேட்டார். பிள்ளைகளையும் மிதிக்க வைத்தார்களா என்று இரண்டு முறை கேட்டார்.

பிறகு, முப்பது வருடங்களாகச் சொல்லாததைச் சொன்னேன். "அம்மா, நான் ஒரு நாள் உங்களைப் பயந்தவங்கன்னு சொன்னேன். மன்னிச்சிடுங்க."

"பயந்தேன்தான். பயமில்லன்னு யாரு சொன்னா?" என்றார் அம்மா. "அவங்களுக்கும் பயமாத்தான் இருந்திருக்கும், பாவம்."

கொஞ்ச நேரம் கழித்து அவரே தொடர்ந்தார். "ஆனா உனக்கு ஒண்ணு தெரியுமா? உங்க பாட்டிக்கு எல்லாம் தெரியும்."

எனக்குப் புரியவில்லை.

"நான் விடியக்காலையில பால்வெட்டுக்குப் போயிடுவேன். வீட்டுல சோறு ஆக்குறது யாரு? அத்தைதானே. பால் டின்னால தினமும் அரிசி அளக்குறவங்களுக்கு அடியில என்ன கிடக்குன்னு தெரியாமலா போகும்? நான்தான் அதை யோசிக்கல. கல்யாணமாகி ரெண்டு வருஷம் இருக்கும். ஒரு நாள் டின்னுக்குள்ள கைவிட்டா, செபமாலை ஒரு மஞ்சத் துணியில முடிஞ்சு கிடக்கு. அரிசி வண்டு ஏறாம இருக்க வேப்பிலை வேற வெச்சிருந்தாங்க. அது நான் போட்ட முடிச்சு இல்ல."

"பாட்டி உங்ககிட்ட ஒண்ணும் கேட்கலையா?"

"கேட்கல. நானும் சொல்லல. சாகுற வரைக்கும் ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசவே இல்ல. ஆனா அந்தத் துணி நஞ்சுபோனா புதுத் துணி மாத்தியிருக்கும்."

"இத்தனை வருஷமா ஏம்மா சொல்லல?"

"நீ கேட்கவே இல்லையே" என்றார் அம்மா.

என் பாட்டியைப் பற்றி நான் வைத்திருந்த படமும் அன்று கலைந்தது. வெளியே 'இந்த வீட்டுச் சாமிதான்' என்று கண்டிப்பாக இருந்தவர், உள்ளே மருமகளின் செபமாலையை வண்டு அரிக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். மாரியம்மனுக்கு வேப்பிலை கட்டிய அதே கை.

இதை ஒரு மதத்தைப் பற்றிய குறையாக யாரும் படிக்க வேண்டாம். எங்கள் பக்கத்திலும் இதே தவறு நடந்திருக்கிறது. கிறிஸ்தவ வீடுகளுக்கு வாழ வந்த பெண்களின் காமாட்சி விளக்கு பரண்மேல் ஏறிய கதைகள் எனக்குத் தெரியும். பிள்ளை வேறு வழியில் போகிறாள் என்றதும் பெற்றோருக்கு வரும் பயத்துக்கு மதம் கிடையாது. அது பிள்ளையை இழந்துவிடுவோமோ என்ற பயம்.

அந்தப் பெண்ணுக்கு

அடுத்த ஞாயிறு அவளைச் சந்தித்தேன். நாகசாகிக் கதையைச் சொன்னேன். மஞ்சள் துணியின் கதையையும் சொன்னேன். முழுப் பதில் என்னிடம் இல்லை. அப்பாவிடம் உண்மையைச் சொல் என்றோ, சொல்லாதே என்றோ நான் கட்டளையிட முடியாது; அந்த வீட்டில் அன்றிரவு சாப்பாட்டு மேசையில் உட்காரப்போவது அவள்தான், நான் இல்லை. ஆனால் மூன்று விஷயங்கள் சொன்னேன்.

ஒன்று, தடுமாறியதற்காகப் போய்விடாதே. பேதுரு மறுதலித்தார், அழுதார், திரும்பி வந்தார். உரகாமிக்காரர்கள் 'விட்டுவிடுகிறோம்' என்றார்கள், தூங்க முடியாமல் திரும்பி வந்தார்கள். விழுந்த அன்று இரவே மனம் வருந்திச் சொல்லும் செபத்தை விட்டவர்கள்தான் உண்மையில் இழந்தார்கள். வேஷம் போடுகிறவனுக்கு அந்த வருத்தம் வராது. உனக்கு வருகிறது.

இரண்டு, தனியாகச் சுமக்காதே. நாட்காட்டிக்கு ஒருவர், தண்ணீருக்கு ஒருவர், செய்திக்கு ஒருவர் என்று அவர்கள் பகிர்ந்துகொண்டதால்தான் அது ஏழு தலைமுறை வந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு யாரிடமும் பேசாமல் ஓடினால், உன் பாரம் உனக்கு மட்டும்தான்.

மூன்று, உன் அப்பா "நீ இன்னும் அங்க போறியா?" என்று கேட்டதை மறுபடி யோசித்துப் பார். ஜிம்முக்குப் போகிற பெண் ஞாயிறு தோறும் வியர்வையே இல்லாமல், தேய்த்த சுடிதாரில் திரும்பி வருவது அவருக்குத் தெரியாதா? ஒருவேளை அவர் டின்னின் அடியைப் பார்த்துவிட்டவராக இருக்கலாம். உன் வாயால் கேட்கக் காத்திருக்கலாம். அதற்கான நாள் எது என்று உனக்கே தெரியும். சொல்லும்போது வாதமாகச் சொல்லாதே, மகளாகச் சொல்.

அவள் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுடிதார் விஷயம் தனக்குத் தோன்றவே இல்லை என்றாள். அன்று பூசை முடியும்வரை இருந்தாள்.

இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு முன் அம்மாவிடம் அனுமதி கேட்டேன். "பேரு போடாத" என்றார். அந்தப் பெண்ணைப் பற்றியும் சொன்னேன். நீண்ட அறிவுரை ஏதாவது சொல்வார், குறித்துக்கொள்ளலாம் என்று பேனாவோடு உட்கார்ந்திருந்தேன்.

"அந்தப் புள்ளைய ஒரு நாளைக்குச் சாப்பிட வரச் சொல்லு" என்றார் அம்மா. "அவங்க அம்மாவையும் கூட்டிட்டு வரச் சொல்லு."